‘தவறு நடந்துவிட்டது’ என்று எழுதாதீர்கள்

நர்ஸ் அக்கா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, பழைய கேஸ் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நர்சிங் லைசென்ஸ் வாங்க முடியுமா என்று கேட்பவை. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அதில் இருக்கும் குழப்பம் பல வீடுகளில் இருக்கிறது, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: அக்கா, நான் டெக்சாஸில் டல்லஸ் பக்கம் இருக்கிறேன். 2015-இல், கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்தேன். 2018 டிசம்பரில் ஒரு பெரிய கடையில், குழந்தையின் ஸ்ட்ரோலருக்கு அடியில் சில துணிகளையும் ஒரு க்ரீம் பெட்டியையும் வைத்துக்கொண்டு பணம் கட்டாமல் வெளியே வந்துவிட்டேன். எல்லாம் சேர்த்து 140 டாலர். வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். போலீஸ், கைவிலங்கு, ஒரு ராத்திரி ஜெயில். வக்கீல் பேசி ‘டிஃபர்டு அட்ஜுடிகேஷன்’ வாங்கிக் கொடுத்தார். ஆறு மாத ப்ரொபேஷன் (கண்காணிப்புக் காலம்) முடித்ததும் கேஸ் டிஸ்மிஸ். ‘இனிமேல் மறந்துவிடுங்கள்’ என்றார். இப்போது வேலை செய்ய அனுமதி இருக்கிறது, கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம். கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் படிக்க ஆசை. கணவர், ‘கேஸ்தான் டிஸ்மிஸ் ஆயிடுச்சே, கேட்டா இல்லைன்னு போடு’ என்கிறார். நர்சிங் லைசென்ஸ் தரும் போர்டுக்கு எழுத வேண்டி வந்தால் என்று ஒரு விளக்கக் கடிதம் இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் கணவர் சொல்வதைக் கேட்காதீர்கள் அம்மா. வேறு எதில் வேண்டுமானாலும் கேளுங்கள், இதில் வேண்டாம்.

டிஃபர்டு அட்ஜுடிகேஷன் என்றால் என்ன நடந்தது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் நீதிபதி முன்னால் ‘குற்றம் செய்தேன்’ என்றோ ‘எதிர்த்து வாதாடவில்லை’ என்றோ சொல்லியிருப்பீர்கள். அவர் தீர்ப்பு எழுதாமல் ஒத்திவைத்து, ஒழுங்காக இருக்கிறீர்களா என்று பார்த்து, பிறகு கேஸை முடித்தார். ஜெயிலில் உங்கள் பத்து விரல்களையும் உருட்டி எடுத்த ரேகை டிஸ்மிஸ் ஆகவில்லை. அது டெக்சாஸ் கணினியிலும் எஃப்பிஐ கணினியிலும் அப்படியே இருக்கிறது. நர்சிங் போர்டும் அதே பத்து விரல்களைத்தான் கேட்கப் போகிறது.

டெக்சாஸ் போர்டின் படிவம், குற்றத் தீர்ப்பு வந்ததா என்பதோடு நிற்பதில்லை. டிஃபர்டு அட்ஜுடிகேஷன் வாங்கினீர்களா என்று பெயர் சொல்லியே கேட்கிறது. விட்டுவிடலாம் என்று அவர்களே சொல்வது, மிகச் சிறிய வகையான ‘க்ளாஸ் சி’ டிராஃபிக் டிக்கெட்டுகள் போன்றவற்றைத்தான். உங்களுடையது 100 டாலருக்கு மேல், 750-க்குக் கீழ்; அதாவது ‘க்ளாஸ் பி’ மிஸ்டிமீனர் (சிறைத் தண்டனை வரக்கூடிய சிறு குற்றம்). இல்லை என்று போட்டால் அது பொய்.

‘நான்-டிஸ்க்ளோஷர் ஆர்டர்’ வாங்கினால் பொதுமக்கள் பார்வையிலிருந்து கேஸை மறைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், வாங்குங்கள், வீடு வாடகைக்கு எடுக்கவும் மற்ற வேலைகளுக்கும் உதவும். அந்த ஆர்டர் இருந்தால் போர்டு படிவத்திலும் நீங்களாகச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் மறைத்த பிறகும் அந்தக் கோப்பைப் பார்க்கலாம் என்று சட்டம் அனுமதித்திருக்கும் அலுவலகங்களில் டெக்சாஸ் நர்சிங் போர்டும் ஒன்று. நல்நடத்தை பற்றிய கேள்வியாக அதை அவர்கள் எழுப்பலாம். அவர்கள் எடுத்துக் கேட்பதற்கு முன்னால் நீங்களே எடுத்துக் கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

சரி, 140 டாலருக்காக லைசென்ஸ் மறுத்துவிடுவார்களா? கொலை, கடுமையான தாக்குதல், பாலியல் குற்றங்கள் என்று டெக்சாஸ் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் சிக்கியவர்கள் ப்ரொபேஷனோ பரோலோ முடிந்து ஐந்து வருடம் ஆகும்வரை விண்ணப்பிக்கவே முடியாது. நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே ஒரு தடவை, சிறிய தொகை, கோர்ட் சொன்னதையெல்லாம் முடித்தாகிவிட்டது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் லைசென்ஸ் வாங்கி வேலை பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் திருட்டு என்றால் போர்டு ஒரு நிமிஷம் நின்று பார்க்கத்தான் செய்யும். ராத்திரி இரண்டு மணிக்கு, மயக்கத்தில் கிடக்கும் ஒருவரின் மோதிரமும் பர்ஸும் மேஜையில் இருக்க, அந்த அறைக்குள் தனியாகப் போகிறவள் நர்ஸ். மார்ஃபின் அலமாரியைத் திறப்பவளும் அவள்தான்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெண்மணி இருந்தார். கெட்டிக்கார நர்ஸ். இளவயதில் கணக்கில் பணம் இல்லாமல் மளிகைக்கடைக்குச் செக் கொடுத்த வழக்கு ஒன்று அவர்மேல் இருந்தது. பணத்தைக் கட்டி முடித்தாயிற்று. லைசென்ஸ் வாங்கும்போது அதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ரேகை கேட்கவில்லை, தப்பித்தார். பல வருடம் கழித்து, ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களையும் கூப்பிட்டு ரேகை எடுக்க ஆரம்பித்தார்கள். செக் விஷயத்தைப் பற்றி போர்டு அதிகம் கவலைப்படவில்லை. படிவத்தில் பொய் சொன்னதற்கு அபராதம், நெறிமுறை வகுப்பு, இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஓர் ஆணை. புது வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஆணையை விளக்கிக்கொண்டிருந்தார். செக்கின் தொகை என்ன தெரியுமா? முப்பத்து சொச்சம் டாலர்.

இப்போது செய்யவேண்டியது. கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே போர்டிடம் ‘டிக்ளரேட்டரி ஆர்டர்’ கேட்டு மனுப் போடுங்கள். நர்சிங் படிக்கிறவர்களும் படிக்கப் போகிறவர்களும், ‘எனக்கு இப்படி ஒரு கேஸ் இருக்கிறது, படித்து முடித்தால் பரீட்சை எழுத விடுவீர்களா’ என்று முன்கூட்டியே கேட்பதற்கான வழி அது. கட்டணம் 150 டாலர். பதில் வர மாதங்கள் ஆகலாம், அதனால் சேர்க்கைத் தேதிக்கு முதல்நாள் போடாதீர்கள். எந்தக் கேஸும் இல்லாத மாணவர்களுக்கு போர்டிலிருந்து ஒரு நீல நிற அஞ்சலட்டை வரும். ‘ப்ளூ கார்டு வந்துடுச்சா?’ என்று கல்லூரியில் ஆளாளுக்குக் கேட்டுக்கொள்வார்கள். உங்களுக்கு அது வராது, கடிதமாக வரும். யாராவது கேட்டால் ‘எனக்கு லெட்டர் வந்துச்சு’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். மேலே விளக்க வேண்டியதில்லை.

மனுவோடு கேஸ் நடந்த கவுன்டியின் கிளார்க் அலுவலகத்திலிருந்து முத்திரை வைத்த நகல்கள் வேண்டும்: குற்றச்சாட்டு, டிஃபர்டு ஆணை, டிஸ்மிஸ் ஆணை. வக்கீல் அனுப்பிய மின்னஞ்சல் போதாது. ஐந்தாறு பிரதி வாங்கி, ஒரு ஃபைலில் போட்டு, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். இது வாழ்நாள் முழுக்கக் கூட வரும் ஃபைல்.

அப்புறம் உங்கள் விளக்கக் கடிதம். நான்கே வரிகள். ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறீர்கள், பொருளைத் தமிழில் தருகிறேன்:

‘குழந்தை பிறந்தபின் ஏற்பட்ட மன அழுத்தத்தால் கடையில் ஒரு துரதிர்ஷ்டவசமான சம்பவம் நடந்துவிட்டது. அது ஒரு தவறான புரிதல். கேஸ் டிஸ்மிஸ் செய்யப்பட்டது. என்மீது எந்தக் குற்றப் பதிவும் இல்லை.’

ஆங்கிலத்தில் எழுதினாலும் இது தமிழ்தான் அம்மா. நம் வீட்டில் பால் பொங்கிடும், கண்ணாடி உடைஞ்சிடும், சாவி தொலைஞ்சிடும். எல்லாம் தானாகவே நடக்கும். செய்தவர் பக்கத்து அறையில் இருப்பார். எனக்கு எழுதிய கடிதத்தில் ‘ஸ்ட்ரோலருக்கு அடியில் வைத்துக்கொண்டு பணம் கட்டாமல் வெளியே வந்துவிட்டேன்’ என்று நேராகச் சொன்ன நீங்கள், போர்டுக்கு எழுதும்போது ‘சம்பவம் நடந்துவிட்டது’ என்கிறீர்கள். எனக்கு எழுதியதுதான் நல்ல கடிதம்.

போர்டில் இதைப் படிப்பவர்களுக்கு இன்சிடென்ட் ரிப்போர்ட், அதாவது தப்பு நடந்தால் ஆஸ்பத்திரியில் எழுதும் அறிக்கை, நன்றாகப் பழக்கம். 1996-இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ராத்திரி ஷிஃப்டில் நான் ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் மாத்திரையை இரண்டு தடவை கொடுத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு வேறொரு நர்ஸ் கொடுத்திருந்ததைச் சார்ட்டில் பார்க்காமல் ஒன்பதரைக்கு நானும் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் ‘நோயாளி கூடுதல் டோஸ் பெற்றார்’ என்று எழுதிக் கொண்டுபோனேன். சார்ஜ் நர்ஸ் படித்தாள், என் பேனாவை வாங்கி ‘பெற்றார்’ என்பதை அடித்துவிட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ‘நான் கொடுத்தேன். சார்ட்டைப் பார்க்கவில்லை. 9:50-க்குக் கவனித்தேன், டாக்டரைக் கூப்பிட்டேன், ரத்தம் எடுத்தேன்’ என்று திருப்பி எழுதினேன். அந்த நோயாளி அம்மாளுக்கு நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

உங்கள் கடிதத்தையும் அந்த மாதிரி எழுதுங்கள். எந்தத் தேதி, எதையெல்லாம் எடுத்தீர்கள், எவ்வளவு விலை, யார் பிடித்தார்கள், கோர்ட் என்ன சொன்னது, எந்தத் தேதியில் முடித்தீர்கள். ‘தவறான புரிதல்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். கடைக்காரர் புகாரும் போலீஸ் அறிக்கையும் அவர்கள் மேஜையில் பக்கத்திலேயே இருக்கும். ‘குற்றப் பதிவு இல்லை’ என்பதும் போகட்டும், இருக்கிறது. மன அழுத்தம் உண்மையானால், அதற்கு டாக்டரைப் பார்த்திருந்தால், எழுதுங்கள், அவர் கடிதத்தையும் வையுங்கள். பார்க்கவே இல்லை என்றால் நோயை உங்களுக்கு வக்கீலாக்காதீர்கள். கடைசியில் இந்த வருடங்களில் என்ன செய்தீர்கள் என்று ஒரு பத்தி: வேலை, படிப்பு, தன்னார்வப் பணி எதுவானாலும். உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் கடிதங்களும் சேர்த்தால் நல்லது. அவர்களுக்கு இந்தக் கேஸ் தெரிந்திருக்க வேண்டும். கேஸ் தெரியாமல் ‘தங்கமான பெண்’ என்று எழுதும் கடிதத்துக்கு மதிப்புக் கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், என்னைப் பொறுத்தவரை லைசென்ஸைவிட இதுதான் பெரிய விஷயம். குடியேற்றச் சட்டத்தில் ‘குற்றத் தீர்ப்பு’ என்பதற்குத் தனி இலக்கணம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதோ ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால், தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தாலும் அது தீர்ப்புதான். பிறகு டிஸ்மிஸ் ஆனாலும் குடியேற்றத் துறையின் கணக்கில் அழிவதில்லை. திருட்டைப் பொதுவாக ஒழுக்கக்கேடான குற்றங்களின் வகையில்தான் வைப்பார்கள். சிறு குற்றத்துக்கு ஒரு விலக்கு உண்டு: ஒரே ஒரு குற்றம், சட்டப்படி அதிகபட்சத் தண்டனை ஒரு வருடத்துக்குள், விதித்த சிறைத் தண்டனை ஆறு மாதத்துக்குள். க்ளாஸ் பி-க்கு அதிகபட்சம் 180 நாள் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தக்கூடும். ஆனால் அதை நர்ஸ் சொல்லக்கூடாது, இமிக்ரேஷன் வக்கீல் அந்த மூன்று நகல்களையும் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அவரைப் பார்க்கும்வரை ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். கிரீன் கார்டு படிவத்திலும் கைதானீர்களா என்று கேட்பார்கள். போர்டுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள்.

‘மறந்துவிடுங்கள்’ என்று சொன்ன அந்த வக்கீல்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதைக் கிரிமினல் வக்கீல் கட்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: என் மகன் ஹூஸ்டனில் நர்சிங் கடைசி வருடம். மூன்று வருடம் முன்பு குடித்துவிட்டுக் கார் ஓட்டி டிடபிள்யூஐ கேஸ். ஒரே தடவைதான். லைசென்ஸ் பரீட்சையான என்க்ளெக்ஸ் எழுத விடுவார்களா?
– ஒரு தந்தை

பதில்: ஒரே தடவை என்றால் வழி இருக்கிறது. முதல் டிடபிள்யூஐ பெரும்பாலும் க்ளாஸ் பி மிஸ்டிமீனர்தான். ஆனால் போர்டின் கவலை கார் இல்லை, குடி. குடிப்பழக்க நிபுணரிடம் மதிப்பீடு செய்துகொண்டு வரச் சொல்லலாம், சில நிபந்தனைகளோடு லைசென்ஸ் தரலாம். குடியும் மருந்தும் விட முடியாமல் தவிக்கும் நர்ஸ்களுக்கு டெக்சாஸில் டிபேப்பன் என்று ஓர் உதவித் திட்டமே இருக்கிறது, அதில் சேரச் சொன்னாலும் அவமானமாக நினைக்காதீர்கள். கல்லூரியில் சேரும்போது இந்தக் கேஸைச் சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்கு இடிக்கிறது. சொல்லவில்லை என்றால் மேலே சொன்ன டிக்ளரேட்டரி ஆர்டர் மனுவை இந்த வாரமே போடச் சொல்லுங்கள். இன்னொன்று ஐயா: அடுத்த தடவை கடிதத்தை அவரே எழுதட்டும். போர்டுக்கும் அப்பா எழுத முடியாது.

கேள்வி: என் நாத்தனார் கலிஃபோர்னியாவில் ஆர்என் (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) படித்து முடிக்கப் போகிறார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மிஸ்டிமீனர், பிறகு கோர்ட்டில் எக்ஸ்பஞ்ச் செய்துவிட்டார்கள், அதாவது தீர்ப்பை ரத்து செய்துவிட்டார்கள். அங்கே லைசென்ஸ் வாங்கினால் எல்லா மாநிலத்திலும் செல்லுமா?
– சான் ஹோசே வாசகி

பதில்: கலிஃபோர்னியா இந்த விஷயத்தில் தாராளம். 2020 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, கடுமையான குற்றங்கள் போன்ற சில விலக்குகளைத் தவிர, ஏழு வருடத்துக்கு முந்தைய தீர்ப்பைக் காட்டி லைசென்ஸ் மறுக்க முடியாது. எக்ஸ்பஞ்ச் ஆனதைக் காட்டியும் மறுக்க முடியாது. நாத்தனாரிடம் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள்.

எல்லா மாநிலத்திலும் செல்லுமா என்றால், செல்லாது. பல மாநிலங்கள் சேர்ந்து ஒரே லைசென்ஸை ஏற்கும் காம்பாக்ட் ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா இல்லை. டெக்சாஸ் இருக்கிறது. வேறு மாநிலத்துக்குப் போனால் அங்கே புதிதாக விண்ணப்பம், புதிதாக ரேகை, புதிதாக அதே கேள்விகள். கலிஃபோர்னியாவில் எக்ஸ்பஞ்ச் என்று சொல்வதை இன்னொரு மாநிலம் அதே பொருளில் எடுத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். இன்னொரு தகவல்: 2018-இல் அமலுக்கு வந்த புதிய காம்பாக்ட் விதிப்படி ஃபெலனி (பெரிய குற்றம்) தீர்ப்பு உள்ளவருக்குப் பல மாநில லைசென்ஸ் கிடையாது. ஒரு மாநிலத்துக்கு மட்டுமான லைசென்ஸ் அந்த மாநிலம் நினைத்தால் தரலாம். மிஸ்டிமீனர் என்றால், அது நர்சிங் வேலையோடு சம்பந்தப்பட்டதா என்று ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்வார்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்தாலும் ஆஸ்பத்திரி தனியாக ஒரு செக் செய்யும். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் மோசடி, நோயாளியைத் துன்புறுத்தியது மாதிரி குற்றங்களில் தீர்ப்பு வாங்கியவர்களின் பெயர்களை மத்திய சுகாதாரத் துறை ஒரு விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறது, குறைந்தது ஐந்து வருடத்துக்கு. அதில் பெயர் இருந்தால் லைசென்ஸ் இருந்தும் மெடிகேர் பணம் வாங்கும் எந்த இடமும் வேலைக்கு எடுக்காது. உங்கள் நாத்தனாருக்கு இது வராது என்று நினைக்கிறேன். என்ன மிஸ்டிமீனர் என்று நீங்கள் எழுதவில்லையே.

கேள்வி: பத்து வருடம் முன்பு போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் ரேகை எடுத்து அனுப்பிவிட்டார்கள். கேஸ் போட்டார்களா இல்லையா என்றே தெரியாது. போர்டு பார்ப்பதற்கு முன்னால் நானே பார்க்க முடியுமா?
– ஆஸ்டின்

பதில்: முடியும். எஃப்பிஐ-க்கு 18 டாலர் கட்டி, ரேகையோடு விண்ணப்பித்தால் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே அனுப்புவார்கள். தப்பாக ஏதாவது இருந்தால் திருத்தவும் வழி உண்டு. மாநிலப் பதிவையும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், சில சமயம் ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது.

ரேகை கொடுக்கப் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கைக்கு நன்றாக க்ரீம் போடுங்கள், கொடுக்கும் அன்றைக்கு மட்டும் வேண்டாம். நாள் முழுக்க சானிடைசர் தேய்த்துத் தேய்த்து நம் விரல்களில் கோடுகளே தேய்ந்துபோயிருக்கும். எனக்கு இரண்டு தடவை ‘தெளிவாக இல்லை’ என்று திருப்பிவிட்டார்கள். அந்த மெஷின்காரப் பையன் என் கட்டைவிரலைக் கண்ணாடியில் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, ‘நீங்க நர்ஸா, மேஸ்திரி வேலையா?’ என்று கேட்டான். இரண்டு தொழிலுக்கும்தான் விரல் இப்படி ஆகுமாம்.